முழங்கால் உயரத்தில் ஒரு சங்கிலி

பிளாஸ்டிக் உறைக்குள் என் கடிதம் இருந்தது. விசாரணை அதிகாரி அதை இரண்டு விரலால் மேசைமேல் என் பக்கம் தள்ளினார்.

"இது உங்கள் கையெழுத்தா?" என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாகவே புரியும். ஆனாலும் பக்கத்தில் இருந்த கிளார்க் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். அந்தச் சில விநாடிகள் எனக்குத் தேவைப்பட்டன.

என் கையெழுத்துத்தான். எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் வரி கோணாமல் அப்படி எழுதுகிறவர் வேறு யாரும் கிடையாது. வெள்ளைத் தாளுக்கு அடியில் கோடு போட்ட தாளை வைத்து, மெதுவாக, ஒரு அடித்தல் இல்லாமல் எழுதியது. எழுதிய அன்று அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன். விசாரணை அறையிலோ அதைப் பிடுங்கி வாயில் போட்டு விழுங்கிவிடலாமா என்றிருந்தது.

எனக்குப் பின்னால் பெஞ்சில் பாக்கியம் அக்கா உட்கார்ந்திருந்தார். பழைய லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், எனக்கு அடுத்த காம்பராக்காரர், முப்பது வருடமாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். அவருடைய புருஷன் சிவனு அண்ணன் இறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தொழிற்சங்கத்தின் எங்கள் தோட்டத் தலைவர் ராமையா கதவோரம் நின்றிருந்தார். உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். யாரும் சொல்லவில்லை.

சென்ற வாரம் இந்தத் தொடரில், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் நான் டீச்சராகச் சேர்ந்த கதையை எழுதியபோது, நான் ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுப்பதைப் பற்றி வேடிக்கையாக நாலு வரி எழுதியிருந்தேன். வாசித்துச் சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரத்துக் கதையில் சிரிக்க அதிகம் இல்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனியும் தள்ளினால் எழுதாமலே போய்விடுவேன்.

படத்தில் இல்லாத இடம்

எங்கள் லயங்கள் இரண்டும் டவுனை ஒட்டியவை. ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை, முன்னால் நீளத்துக்கு ஒடுக்கமான விறாந்தை. அதை நாங்கள் இஸ்தோப்பு என்போம். அடுத்த லயமும் அதே அச்சு. மொத்தம் இருபத்துநாலு குடும்பம்.

டவுன் எங்களை நோக்கி வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் பின்பக்கம் ஒரு பெற்றோல் ஷெட் வந்தது. பிறகு பஸ் நிலையத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள், மாடி வைத்துச் சந்தை கட்டப் போகிறார்கள் என்றார்கள். அதற்கு எங்கள் லயங்கள் போயாக வேண்டும். பதிலுக்கு மேலே மலைச்சரிவில் ஆளுக்கு ஏழு பேர்ச் காணியும் தனி வீடும்.

சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். கூரைத் தகரம் ஒழுகி, பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைமூலையாக உட்கார்ந்த சனங்கள் நாங்கள். அடுத்த காம்பராவில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் இந்தக் காம்பராவில் சோறு இறங்காது. தனி வீடு, சொந்தக் காணி என்றால் யாருக்குக் கசக்கும்?

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, வரப்போகும் இடத்தின் வரைபடத்தைச் சுவரில் மாட்டினார்கள். வீடுகள் கட்டம் கட்டமாக இருந்தன. தண்ணீர் ஓடும் கான் இருந்தது, ரோட்டு இருந்தது. வந்திருந்த அதிகாரி நல்ல மனிதர். கம்பால் தொட்டுத் தொட்டு விளக்கிவிட்டு, கேள்வி இருந்தால் கேட்கச் சொன்னார்.

பாக்கியம் அக்கா கையைத் தூக்கினார்.

"எல்லாம் நல்லா இருக்குங்க ஐயா. பொணத்த எங்க வைக்கிறது?"

அதிகாரிக்குப் புரியவில்லை. மயானம் பழைய இடத்திலேயே இருக்கும் என்றார்.

"பொதைக்கிற எடம் தெரியுங்க. அதுக்கு முந்தி வைக்கிற எடத்தக் கேக்குறேன்."

இரண்டொருவர் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் படத்தைத் திரும்பப் பார்த்தார்கள். படத்தில் அப்படியொரு இடம் இல்லை.

லயத்தில் ஒரு சாவு விழுந்தால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. இஸ்தோப்பின் நடுவில் வாங்குப் பலகையைப் போட்டுக் கிடத்துவார்கள். பன்னிரண்டு வாசலும் அதே இஸ்தோப்பில்தான் திறக்கும். ஒரு காம்பராவில் தேத்தண்ணி கொதிக்கும், ஒரு காம்பராவில் வெளியூர்ச் சனம் படுக்கும், இன்னொன்றில் செத்தவரின் பிள்ளைகளுக்குச் சோறு போடுவார்கள். புதுத் திட்டத்தில் வீட்டுக்கு வீடு சரிவு. முன்னறையில் நாலு கதிரை போட்டால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டும்.

பாக்கியம் அக்காவின் கேள்வி வாய்க்கு வந்தபடி கேட்டதல்ல. சிவனு அண்ணன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கானில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்து நாலு வருடம் ஆகியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலும் கையை விரித்துவிட்டார்கள். அவர் பூண்டுலோயாப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பெண் கட்டித் தங்கியவர். பிள்ளை இல்லை.

அன்று திரும்பி வரும்போது அக்கா என்னிடம் சொன்னார்: "அவருக்கு ஒறவுன்னு இங்க யாரு இருக்கா டீச்சர்? லயந்தான் ஒறவு. போறப்ப எல்லாரும் சுத்தி ஒக்காந்து அனுப்பி வைக்கணும். அதுக்கு ஒரு எடம் வேணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

பீலியில் எடுத்த முடிவு

எங்கள் பிரிவில் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் முடிவு எடுப்பது பீலியில்தான். மலை ஊற்றைக் குழாயில் இறக்கி விட்ட இடம். துணி துவைக்க, குளிக்க, குடத்துக்குப் பிடிக்க எல்லோரும் அங்கே வந்தாக வேண்டும்.

காணிக்குச் சீட்டுக் குலுக்கிய மறுநாள் பீலியில் ஒரே பேச்சு. அந்தச் சரிவு முழுவதிலும் தட்டையான துண்டு ஒன்றே ஒன்றுதான். ரோட்டோரம், எதிரே பள்ளத்தாக்குத் தெரியும் இடம். இருபத்துநாலாம் எண். அது பாக்கியம் அக்காவின் சீட்டில் விழுந்திருந்தது. படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிற வீட்டுக்கு ரோட்டோரத் தட்டை நிலம் கிடைத்ததே, சாமிக்குக் கண் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கொஞ்சம் பொறாமையும் இருந்தது. எனக்கும்தான்.

அக்கா துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார், "அந்த எடத்தப் பொதுவுக்கு எடுத்துக்கங்க. நான் கீழ எங்கயாச்சும் போறேன்."

 தலைவர் ராமையா பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, "யோசிச்சுத்தான் பேசுறியா தங்கச்சி? கீழ எடம் கெடங்கு மாதிரி" என்றார்.

"யோசிச்சுட்டேங்க. அவரு படுத்துக் கெடக்குற மனுசன். மேடா இருந்தா என்ன, கெடங்கா இருந்தா என்ன? நாளைக்கு அவரத் தூக்கியாந்து வைக்க ஒரு எடம் இருக்கணும். எனக்கு மட்டுமா? ஒங்க எல்லாருக்குந்தான்."

அதற்குப் பிறகு மற்றவர்களுக்கும் வேகம் வந்துவிட்டது. காலையில் சின்னப் பிள்ளைகளை வைக்கலாம், கல்யாணம் பேசலாம், கிளினிக் வைக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம் என்று ஆளுக்கொன்று சேர்த்தார்கள். தலைவர் ஒரு மாரியம்மனை வைக்கலாம் என்றார். உடனே எங்கள் வேதக்கார வீடுகள் நாலும் மாதா சுரூபம் பற்றி முனகின. அக்கா ஒரே பேச்சில் முடித்தார்: "எந்தச் சாமியும் வேணாம். யார வச்சாலும் பாதிப் பேரு வாசல்ல நிப்பாங்க."

சர்வேயரிடம் போய்ச் சொன்னோம். அவரும் தலையை ஆட்டிவிட்டு, தட்டை நிலத்தில் இருந்த இருபத்துநாலை அடித்து, கீழே மீந்துகிடந்த ஒரு ஒடுங்கிய நிலக் கீலத்தில் அந்த எண்ணை எழுதினார். தட்டை நிலத்தில் பென்சிலால் 'பொது' என்று போட்டார். மை கொண்டு போடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. காணி உறுதிப் பத்திரம் பிறகு வரும் என்றார்கள். இன்னும் வருகிறது.

துண்டு

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வாழ்க்கை துண்டில், அதாவது ஆபீஸுக்கு எழுதிப் போடும் துண்டுக் கடிதத்தில், ஓடியது. மருந்துக்குத் துண்டு, சுவருக்குச் சுண்ணாம்பு கேட்டுத் துண்டு, ஒழுகும் தகரத்துக்குத் துண்டு. கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டு வேன் உள்ளே வருவதற்கும் தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஒரு துண்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். காலையில் வேலைக்கு வரிசையாக நிற்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது பதில் வரும், அல்லது வராது.

என் அப்பாவும் கடிதம் எழுதுகிறவர்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் காம்பராக் கூரைமேல் ஒரு மரக்கிளை சாய்ந்து நின்றது. கத்தியை எடுத்து வெட்டினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் மரம் தோட்டத்து மரம். அப்பா துரைக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தார். மழை பிடித்தது. ஒரு பகல் கிளை முறிந்து விழுந்து தகரத்தைக் கிழித்து அடுப்புக்குப் பக்கத்தில் வந்து குத்தி நின்றது. நல்லவேளை, அம்மா பீலிக்குப் போயிருந்தார். மறுநாள் ஆபீஸிலிருந்து துண்டு வந்தது, கிளையை வெட்டிக்கொள்ளலாம் என்று. அப்பா அதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, பிறகுதான் கத்தியை எடுத்தார்.

வளர்ந்தபின் அந்தக் கதையைச் சொல்லி அப்பாவை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். கேலி செய்த வாய்தான்.

தட்டை நிலத்தில் கல் பொறுக்கி மண்ணைச் சமப்படுத்தியாகிவிட்டது. கால் நட வேண்டும். அப்போது தலைவர், "துரை காதுல ஒரு வார்த்த போட்டுட்டா நல்லதுதானே டீச்சர்? நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதுல்ல" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது. இன்னும் உண்மையைச் சொன்னால், எழுதக் கை துறுதுறுத்தது. டீச்சர் எழுதின துண்டை எந்தத் துரையும் தட்டினதில்லை என்று ஊரில் ஒரு பேர் எனக்கு இருந்தது.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது பாக்கியம் அக்கா சிவனு அண்ணனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனவர் நின்று பார்த்தார்.

"நம்ம எடத்துக்கு எதுக்கு டீச்சர் துண்டு?"

"சும்மா ஒரு மரியாதைக்குத்தான் அக்கா."

 கஞ்சி ஆறிவிடும் என்று போய்விட்டார்.

நான் எழுதியது இதுதான்: 'தங்கள் தோட்டத்துக்குரிய மேற்படி சிறு நிலத்தில் நாங்கள் பொதுக் கொட்டகை ஒன்று அமைத்துக்கொள்ளத் தாங்கள் பெருமனதுடன் அனுமதி அளிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்.' கீழே இருபத்துநாலு பேரின் கையெழுத்தையும் வாங்கினேன். பாக்கியம் அக்காவின் கையெழுத்து கடைசி.

பத்து நாளில் பதில் வந்தது. ஒரே வரி, கீழே முத்திரை. தற்காலிகமாக அனுமதிக்கப்படுகிறது. தலைவர் அதை டவுனுக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு வந்தார்.

கதவுகளால் ஒரு கொட்டகை

லயம் உடைத்த நாட்களில் ஒவ்வொரு குடும்பமும் தன் காம்பராக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்தது. யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. பலகை வாங்க வழியில்லை, கதவு சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானம் செய்தோம். கால் நட்டு, பழைய தகரத்தை மேலே போட்டு, இருபத்துநாலு கதவுகளையும் சுவராக நிறுத்தி ஆணி அடித்தோம். பச்சைக் கதவு, நீலக் கதவு, கரி பிடித்துக் கறுத்த கதவு. வெள்ளைப் பெயின்ரால் போட்ட காம்பரா எண்கள் அப்படியே இருந்தன. ஒரு கதவின் உட்புறத்தில் பிள்ளைகளின் உயரத்தைக் கத்தியால் கீறி வைத்த கோடுகள். என் கதவில் ஒரு படத்தை ஒட்டிப் பிய்த்த பசை.

திறந்த அன்று சிவனு அண்ணனைக் கதிரையில் வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். படுத்ததிலிருந்து அவர் வெளியே வந்தது ஆஸ்பத்திரிக்கும் வீடு மாறவும்தான். வெளிச்சத்தில் கண் கூசியது. கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஏழாம் நம்பரில் நிறுத்தினார்.

"நம்ம கதவக் கோணலா அடிச்சிருக்கானுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரித்ததை நான் நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

துரையின் கடிதத்தை வாசலுக்கு நேரே மாட்டினோம். சாமி வேண்டாம் என்று முடிவு செய்த இடத்தில் அதைச் சாமி படம்போல மாட்டினோம் என்று இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. அன்றைக்கு எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஒன்றரை வருடம் நன்றாகத்தான் போனது. காலையில் என் சின்னப் பிள்ளைகள், பின்னேரம் கொழுந்து போட்டுவிட்டு வரும் பெண்கள். இடுப்பில் கட்டிய படங்கைக் கழற்றி உதறிவிட்டுக் கதவில் சாய்ந்து உட்கார்ந்தால் இருட்டும் முன்னர்தான் எழுந்து போவார்கள். எல்லோருமே அவரவர் பழைய கதவில்தான் சாய்வார்கள்.

சங்கிலி

புதிய துரை வந்தார். ரோட்டையும் அகலப்படுத்தி முடித்திருந்தார்கள். பள்ளத்தாக்கைப் பார்க்க வெளியூர் வாகனங்கள் எங்கள் கொட்டகைக்கு முன்னால் நிற்கத் தொடங்கின. ஆட்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள், கதவுகளையும் எடுப்பார்கள். அழகாக இருக்கிறது என்பார்கள். எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை இரண்டு இரும்புக் கால் நட்டு முழங்கால் உயரத்தில் ஒரு சங்கிலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் பலகை, மூன்று மொழியிலும். தோட்டத்துக்குச் சொந்தமான நிலம், அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது. வாகனம் நிறுத்தவும் தேயிலை விற்கும் கடை வைக்கவும் அந்த இடம் தேவைப்படுகிறதாம்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சட்டம் போட்ட கடிதத்தைக் கழற்றி, மழை படாமல் சேலையில் சுற்றி, ஆபீஸுக்குக் கொண்டுபோனோம். இதோ பாருங்கள், எங்களுக்கு அனுமதி இருக்கிறது என்று. என்னிடம் இருந்த நகலையும் நானே கொடுத்தேன். ஆபீஸில் எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். தற்காலிகம் என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினார்கள். பிறகு முடிவான வரைபடத்தை விரித்தார்கள். இருபத்துநாலு எண்களும் இருந்தன. தட்டை நிலத்தில் எண் இல்லை, பென்சில் எழுத்தும் இல்லை. எண் இல்லாத நிலம் தோட்டத்து மிச்சம் என்றார்கள். நீங்களே அப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள் என்றார்கள்.

கடிதத்தை மறுபடி சேலையில் சுற்றிக்கொண்டு திரும்பினோம். பாக்கியம் அக்கா மட்டும் கீழே தன் கீலத்துக்கு இறங்கும் படியில் நின்று, "அப்ப என் எடமும் போச்சு, பொது எடமும் போச்சா டீச்சர்?" என்று கேட்டார். விளங்கிக்கொள்ளத்தான் கேட்டார், குத்திக் காட்டக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் வலித்தது.

பிள்ளைகளைப் பழைய பிள்ளைமடுவத்துக்கே கூட்டிப்போனேன்.

அந்தச் சனிக்கிழமை

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை விடியும்போது சிவனு அண்ணன் போய்விட்டார்.

அக்காவின் வீட்டுக்கு ரோட்டிலிருந்து ஐம்பது படி. ஒரு ஆள் அகலம். பெட்டி இறங்காது. இறங்கினாலும் முன்னறையில் அதைத் திருப்ப முடியாது. கடைசியில் அவரைப் பாயோடு தூக்கி மேலே கொண்டுவந்து, ரோட்டோரம் இரண்டு வாங்கைச் சேர்த்துப் போட்டுக் கிடத்தினோம். சங்கிலிக்கு இந்தப் பக்கம்.

மழை தூறத் தொடங்கியது. தலைவர் என்னிடம் வந்தார்.

"ஒரு துண்டு எழுதுங்க டீச்சர். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்னு கேளுங்க. பொணம்னா யாரும் மனசு எறங்குவாங்க."

நான் எழுதினேன். அண்ணனுக்கு மேலே பிடித்திருந்த தறப்பாளின் ஓரத்தில் குந்தி, முழங்காலில் புத்தகத்தை வைத்து எழுதினேன். கை தானாக ஓடியது. 'பெருமனதுடன்' என்று வந்தபோது பாக்கியம் அக்கா தலையை நிமிர்த்தினார்.

"என்ன டீச்சர் எழுதுறீங்க?"

"துண்டுக்கா."

"யாருக்கு?"

நான் பேனாவை எடுக்காமல் அடுத்த வரிக்குப் போனேன். அவர் திரும்பி அண்ணன் முகத்தில் விழுந்திருந்த மழைத்துளியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். போதும், நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கிழித்துப் போட்டிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எவ்வளவு உண்மை என்று தெரியவில்லை.

துரை கொழும்புக்குப் போயிருந்தார். பங்களா வாசலில் காவல்காரர் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார் என்று அதைக் கொண்டுபோன ஆள் வந்து சொன்னான். பதிலுக்காகக் காத்திருந்தோம்.

நூறு பேருக்கு மேல் நின்றோம். ஒரு தறப்பாள்தான், அதை அண்ணனுக்குப் பிடித்திருந்தோம். வாகனம் வந்தால் எல்லோரும் கானுக்குள் ஒரு காலை வைத்து ஒதுங்கி வழி விட்டோம். ஒரு வேன்காரன் விடாமல் ஹோர்ன் அடித்தான், பிறகு வாங்கில் கிடந்தவரைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். உட்கார இடமில்லை. அக்கா ஆசைப்பட்டது சுற்றி உட்காருவதற்கு. நாங்கள் வரிசையாக நின்றோம், பெரட்டில் நிற்பதுபோல.

சங்கிலிக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், கொட்டகையின் தரை காய்ந்து கிடந்தது. கோணலாக நின்ற ஏழாம் நம்பர்க் கதவு எனக்கு நேராகத் தெரிந்தது. சங்கிலிக்குப் பூட்டுக்கூட ஒழுங்காக இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை தாண்டிவிடும். நூறு பேரில் ஒருவர் தாண்டவில்லை. நானும் தாண்டவில்லை. ஒரு நாய் மட்டும் சங்கிலிக்கு அடியால் நுழைந்து உள்ளே போய், நனையாமல் சுருண்டு படுத்துக்கொண்டது.

மூன்று மணிக்குமேல் காத்திருக்க முடியவில்லை. எடுத்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. மனிதாபிமான அடிப்படையில் ஒரு நாளைக்கு மட்டும் அனுமதி.

திறந்திருந்த கதவு

பிறகு தலைவர் ஓடியாடி, அரசாங்க ஆபீஸில் முறைப்பாடு கொடுத்து, ஒரு விசாரணைக்கு நாள் வாங்கினார். அப்படித்தான் அந்த அறைக்குப் போனோம்.

"என் கையெழுத்துத்தாங்க" என்றேன்.

அதிகாரி கடிதத்தை இன்னொரு தடவை பார்த்தார். கோபமில்லாத மனிதர். எங்களுக்கு ஏதாவது ஒரு வழி கிடைக்குமா என்று தேடியவர்போலத்தான் கேட்டார். "அந்த நிலம் உங்களுக்கு ஒதுக்கியது என்று அப்போது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"பிறகு ஏன் அனுமதி கேட்டீர்கள்?"

கிளார்க் அதைத் தமிழில் சொன்னார். இந்தத் தடவை அவர் சொல்லி முடித்த பிறகும் எனக்கு இன்னும் சில விநாடிகள் தேவைப்பட்டன. ஊருக்கெல்லாம் வார்த்தை எழுதிக் கொடுத்தவள், உறைக்குள் இருந்த என் எழுத்தையே பார்த்தேன். அப்பாவின் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. அதை இவரிடம் எப்படிச் சொல்வது? மரியாதைக்காக என்றேன். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே ஏதாவது சொல்வேனா என்று காத்திருந்தார்.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. பாக்கியம் அக்கா எழுந்து நின்றார்.

"டீச்சர் மேல தப்பு இல்லீங்க ஐயா. நாங்கதான் எழுதச் சொன்னோம். நானுந்தான் சொன்னேன்."

அவர் சொல்லவில்லை. இருபத்துநாலு பேரில் எதுக்கு என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அதிகாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதிகாரி அதையும் எழுதிக்கொண்டு, கீழே அக்காவிடம் கையெழுத்து வாங்கினார்.

கடிதம் இருக்கும்வரை தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். வருத்தப்பட்டுத்தான் சொன்னார். கோப்பை மூடிக் கட்டி ஒரு பக்கமாக வைத்துவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார்.

எங்கள் வேலை முடிந்துவிட்டது. அறைக் கதவு அகலத் திறந்திருந்தது, வெளியே வெயில்கூட அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். அதிகாரி தலையை நிமிர்த்தி, இன்னும் என்ன என்பதுபோல் பார்த்தார்.

"நாங்க போகலாங்களா, ஐயா?" என்று கேட்டேன்.